மூங்கில் தட்டான்

நுழையும்முன்

வானூர்தியின் வரலாற்றைப் படிக்கும்போது முதலில் பறந்தவர் யார் என்னும் வினாவே முன்னால் வந்து நிற்கிறது. தாம் உருவாக்கிய வானூர்தியின் அளவுகளையும் அமைப்பையும் மறைக்காமல் உலகிற்குக் கொடுத்து, விரும்பியவர் தம் வீட்டுக் கொல்லையிலேயே அதைக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டவர் யார் என்று கேட்போர் குறைவு. அவர் பிரேசில் நாட்டில் பிறந்து பிரான்சு நாட்டு வானில் பறந்த ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டூமாண்ட். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

காப்பித் தோட்டத்துச் சிறுவன்

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கபாங்கு என்னும் சிற்றூர்ப் பண்ணையில் 1873ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று சாண்டோஸ் டூமாண்ட் பிறந்தார். எட்டு மக்களுள் ஆறாமவர். தந்தை ஹென்ரிக் டூமாண்ட் பாரிசில் பொறியியல் கற்றவர். அப்போது இருப்புப்பாதை அமைக்கும் பணியில் இருந்தார். தாயின் பெயர் பிரான்சிஸ்கா சாண்டோஸ். தாய்வழிப் பெயரும் தந்தைவழிப் பெயரும் இணைந்தே அவருக்குப் பெயராயின.

சில ஆண்டுகளில் குடும்பம் சாவோ பாலோ மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து பெரும் காப்பித் தோட்டம் ஒன்றை அமைத்தது. தோட்டத்தின் பரப்பு மிகப் பெரிது. பறித்த காப்பிக் கனிகளை ஏற்றிவரத் தனி இருப்புப்பாதையே அதற்குள் ஓடியது. ஏழு வயதில் நீராவி இழுவை வண்டிகளையும் பன்னிரண்டு வயதில் தோட்டத்து இரயில் பொறியையும் ஓட்ட அச்சிறுவனுக்கு இசைவு கிடைத்தது. மற்றப் பிள்ளைகள் குதிரை ஏறித் திரிந்த வேளையில் அவர் காப்பிக்கொட்டையைத் தோல் நீக்கி, உலர்த்தி, தரம் பிரிக்கும் எந்திரங்களின் அருகில் நின்றுகொண்டிருப்பார். முன்னும் பின்னும் ஆடி அசையும் சல்லடைகள் அடிக்கடி பழுதாவதையும், ஒரே சீராகச் சுழலும் சக்கரங்கள் எளிதில் பழுதாகாமல் இருப்பதையும் அங்கே கண்டார். அதிர்வு ஓர் எந்திரத்தின் பகைவன் என்னும் பாடத்தை அவர் பள்ளியில் கற்கவில்லை. காப்பிச் சல்லடையே அவருக்கு அதைக் கற்பித்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளும் ஆடும் விளையாட்டு ஒன்று பிரேசிலிலும் உண்டு. ஒருவர் பறவை, விலங்கு எனப் பல பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார். பறப்பதன் பெயர் வந்தால் மற்றவர்கள் விரலை உயர்த்த வேண்டும். பறவாததற்கு உயர்த்தினால் தண்டம். மனிதன் பறக்கும் என்று தலைவன் சொல்லும்போதெல்லாம் சிறுவன் ஆல்பர்ட்டோ விரலை உயர்த்துவான். சுற்றியிருந்தோர் சிரிப்பர். அவன் தண்டம் கட்டவும் மறுப்பான். ஜூல்ஸ் வெர்னின் புதினங்களைப் படித்துவிட்டு, அவற்றில் வரும் வான்பயணங்கள் உண்மையிலேயே நடந்தவை என்று நம்பியிருந்த வயது அது.

தந்தையின் ஏற்பாடு

தந்தை குதிரை வண்டியிலிருந்து வீழ்ந்து உடல் செயலிழந்தார். தோட்டத்தை விற்றுவிட்டு 1891இல் மருத்துவத்திற்காகக் குடும்பத்துடன் பாரிசு சென்றார். அங்கு ஒரு பொருட்காட்சியில் பெட்ரோலால் இயங்கும் பொறி ஒன்றைப் பதினெட்டு வயது இளைஞர் கண்டார். நீராவிப் பொறியின் பெருத்த எடையையே அதுவரை கண்டு பழகியவருக்கு, சிறிய உருவில் அத்தனை ஆற்றல் அடங்கியிருந்தது வியப்பளித்தது.

மறு ஆண்டு ஹென்ரிக் டூமாண்ட் ஒரு முடிவு செய்தார். மகனுக்குரிய சொத்தைப் பிரித்து அவர் கையிலேயே கொடுத்தார். வயிற்றுப்பாட்டுக்காக உழைக்க வேண்டிய தேவை மகனுக்கு இல்லை என்றும், பாரிசுக்குச் சென்று இயற்பியல், வேதியியல், மின்னியல், எந்திரவியல் ஆகியவற்றைக் கற்குமாறும், உலகின் எதிர்காலம் எந்திரவியலில் இருப்பதை மறவாதிருக்குமாறும் சொன்னார். பட்டம் பெற வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். செல்வம் கைக்கு வந்த இளைஞர்கள் பாரிசு போன்ற நகரத்தில் எவ்வாறெல்லாம் அதைக் கரைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், தந்தை மகன்மீது வைத்த நம்பிக்கையின் அளவு புரியும்.

பட்டம் விட்ட சிறுவர்கள்

சாண்டோஸ் டூமாண்ட் 1898ஆம் ஆண்டு மார்ச்சில் முதன்முறையாக வளிக்கூண்டில் ஏறினார். அதே ஆண்டில் தமக்கெனப் பிரேசில் என்னும் பெயரில் ஒரு வளிக்கூண்டு செய்துகொண்டார். அதன் கொள்ளளவு 113 கன மீட்டர் மட்டுமே. ஒருவரைச் சுமக்க அது போதாது என்று செய்து கொடுத்தவர்களே தயங்கினர். அவரோ கனமான துணிக்கு மாறாக மெல்லிய ஜப்பானியப் பட்டைத் தேர்ந்தெடுத்தார். பட்டு எடை குறைந்தது, இழுவிசைக்கும் ஈடுகொடுத்தது. அவரும் மெலிந்தவர், உயரம் குறைந்தவர். வளிக்கூண்டு எழுந்தது. எதைச் செய்தாலும் எவ்வளவு சிறிதாகச் செய்ய முடியும் என்று பார்க்கும் அவருடைய வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

வளிக்கூண்டு காற்று போகும் திசையில் போகும். மனிதன் விரும்பும் திசையில் போகாது. இக்குறையைப் போக்க, நீண்ட உருளை வடிவில் வளிப்பையைச் செய்து, அதன்கீழ்த் தொங்கும் கூடையில் பெட்ரோல் பொறியைப் பொருத்தினார். தீப்பற்றும் ஹைட்ரஜன் வளிக்குக் கீழே தீப்பொறி கக்கும் பொறியை வைப்பது தற்கொலைக்கு ஒப்பானது என்று நண்பர்கள் தடுத்தனர். புகைபோக்கியின் வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டு அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

1898 செப்டம்பர் 20 அன்று அவருடைய முதல் வான்கப்பல் பாரிசின் மேல் விரும்பிய திசைகளில் திரும்பித் திரும்பிப் பறந்தது. ஆனால் இறங்கும்போது வளி சுருங்கிப் பை இரண்டாக மடிந்தது. கூடை விரைந்து கீழே வந்துகொண்டிருந்தது. புல்வெளியில் சில சிறுவர்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தனர். தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடுமாறு அவர்களை நோக்கிக் கூவினார். பட்டம் விடத் தெரிந்த பிள்ளைகள் ஆதலால் சொன்னது உடனே விளங்கிற்று. அவர்கள் ஓடினர். மடிந்துபோன வான்கப்பல் பெரிய பட்டமொன்றைப்போலக் காற்றில் தாங்கப்பட்டு மெல்ல இறங்கியது. வீழ்ச்சியின் விசை தணிந்தது. அவர் உயிர் பிழைத்தார்.

ஈபெல் கோபுரத்தைச் சுற்றி

செயின்ட் கிளவுடிலிருந்து புறப்பட்டு ஈபெல் கோபுரத்தைச் சுற்றி முப்பது நிமிடத்திற்குள் திரும்பி வருபவருக்கு 1,00,000 பிராங்கு பரிசளிப்பதாக எண்ணெய் வணிகர் ஹென்றி டாய்ச் 1900ஆம் ஆண்டில் அறிவித்திருந்தார். போகவர 11 கிலோமீட்டர்.

சாண்டோஸ் டூமாண்டின் முயற்சிகள் அடுத்தடுத்துத் தோற்றன. 1901 ஜூலையில் அவருடைய ஐந்தாம் வான்கப்பல் ஒரு செல்வர் வீட்டு மரத்தில் சிக்கியது. ஆகஸ்ட் 8 அன்று விடுதியொன்றின் கூரையில் மோதிக் கிழிந்தது. சுவரோரம் தொங்கிய கூடையிலிருந்து தீயணைப்பு வீரர்கள் அவரைக் கயிறு கட்டி மேலே இழுத்தனர். அன்று மாலையே ஆறாம் வான்கப்பலுக்கான அளவுகளைக் கொடுத்துவிட்டார். 22 நாட்களில் அது உருவாகியது.

அக்டோபர் 19 அன்று அவ்வான்கப்பல் கோபுரத்தைச் சுற்றிவிட்டது. திரும்பும் வழியில் எதிர்க்காற்று. பொறி விக்கத் தொடங்கியது. சுக்கானை விட்டுவிட்டுப் பொறியைச் சரிசெய்து மீண்டும் வந்து சுக்கானைப் பிடித்தார். 29 நிமிடம் 30 நொடியில் எல்லையைக் கடந்தார். ஆனால் வேகத்தைக் குறைத்துத் தரையிலிருந்தோர் கயிற்றைப் பற்றுவதற்குள் முப்பது நிமிடம் கடந்து சில நொடிகள் ஆகிவிட்டன. கயிறு பற்றப்படும் நேரமே கணக்கு என்று குழுவினர் வாதிட்டனர்; பாரிசு மக்கள் வெகுண்டனர். நெடிய விவாதத்திற்குப்பின் நவம்பர் 4 அன்று பரிசு அவருக்கே உரியதென முடிவாயிற்று.

அப்பணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தம்முடன் உழைத்த தொழிலாளர்களுக்கு ஒரு பங்கு. எஞ்சியது பாரிசின் ஏழைகளுக்கு. வேலையின்றி வாடிய கைவினைஞர்கள் வயிற்றுக்காக அடகு வைத்திருந்த தொழிற்கருவிகள் அப்பணத்தால் மீட்கப்பட்டன. ஏழைக்கு ஒரு வேளைச் சோற்றைவிட அவனுடைய உளியும் வாளும் திரும்பக் கிடைப்பது பெரிது என்பதை எந்திரங்களின் அருகே வளர்ந்தவர் அறிந்திருந்தார்.

இக்காலத்தில் பாரிசு நகரமே அவரைக் கொண்டாடியது. ஒன்பதாம் வான்கப்பலில் ஏறி வந்து, தம் வீட்டு வாயிலில் அதைக் கட்டிவிட்டு, மாடிக்குச் சென்று காப்பி அருந்திவிட்டு மீண்டும் ஏறிச் சென்ற காட்சியை நகரத்தார் கண்டனர். 1903 ஜூனில் அதே வான்கப்பலை அய்டா டி அகோஸ்டாவிடம் ஒப்படைத்தார். பொறியால் இயங்கும் ஊர்தியைத் தனியே வானில் செலுத்திய முதல் பெண் அவரே. பறக்கும்போது சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க இயலவில்லை என்று சாண்டோஸ் டூமாண்ட் குறைப்பட்டதைக் கேட்டு, நண்பர் லூயி கார்ட்டியே மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆடவர் அத்தகைய கடிகாரம் கட்டும் வழக்கம் பரவ இதுவும் ஒரு காரணம்.

காற்றினும் கனமானது

அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தோர் 1903 டிசம்பர் 17 அன்றே பறந்துவிட்டனர். எனினும் தம் கருவியைப் பிறர் படியெடுத்துவிடுவர் என அஞ்சி அதை மறைவாகவே வைத்திருந்தனர். ஐரோப்பாவில் பலர் அச்செய்தியை நம்பவில்லை.

சாண்டோஸ் டூமாண்ட் பெட்டிப் பட்டங்களைக் கோத்தாற்போன்ற ஓர் ஊர்தியைக் கட்டினார். பதினான்காம் வான்கப்பலின்கீழ்த் தொங்கவிட்டு முதலில் சோதித்ததால் அதற்குப் பதினான்கு-பி என்பதுபோல் ஒரு துணை எண்ணே பெயராயிற்று. உயரக் கட்டிய கம்பியில் அதைக் கோத்துக் கழுதையை விட்டு இழுக்கச் செய்து அதன் சமநிலையைப் பார்த்தார் என்பது படிப்போரைப் புன்னகைக்கச் செய்யும். 1906 அக்டோபர் 23 அன்று பாரிசின் பகத்தேல் திடலில், பெருங்கூட்டத்தின் கண்ணெதிரே, அது தன் சக்கரங்களால் ஓடி எழுந்து ஏறத்தாழ 60 மீட்டர் பறந்தது. நவம்பர் 12 அன்று 220 மீட்டரை 21.5 நொடிகளில் கடந்தது.

முதல் பறப்பு எவருடையது என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை. பிரேசில் மக்கள் தம் நாட்டவர் பெயரையே சொல்வர். ரைட் உடன்பிறந்தோர் முன்னரே பறந்தனர் என்பதற்குச் சான்றுகள் உள்ளன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாண்டோஸ் டூமாண்டின் பெருமை அந்த அறுபது மீட்டரைக்கொண்டு அளக்கத்தக்கதன்று. அதற்கு அடுத்து அவர் செய்த சிறிய ஊர்தியே அவருடைய உண்மையான கொடை.

மூங்கிலும் பட்டும்

1907 நவம்பரில் முதல் வடிவம் பெற்று, 1909இல் செம்மையுற்ற அவ்வூர்திக்குத் தெமுவாசேல் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் இளநங்கையையும் குறிக்கும். நீர்நிலைகளின்மேல் பறக்கும் ஊசித்தட்டானையும் குறிக்கும். ஒல்லியான நீண்ட உடலும் ஒளி ஊடுருவும் மெல்லிய இறக்கையும் கொண்ட அதைப் பார்த்தவர்களுக்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றியது.

சமயபுரத்திலும் திருவரங்கத்திலும் சித்திரைத் தேர் கட்டுவதைப் பார்த்த மாணவர்களுக்கு இவ்வூர்தியின் தத்துவம் எளிதில் விளங்கும். மரத்தாலான அடித்தேரின்மேல் கம்புகளை நட்டுக் கயிற்றால் இறுக்கி, மேலே சீலைகளைப் போர்த்தித் தொம்பைகளைத் தொங்கவிடுகிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் மலைபோல் தெரியும் அவ்வுருவத்தின் மேற்பகுதி எவ்வளவு எடை குறைந்தது என்பது கட்டியவர்களுக்கே தெரியும். சட்டகம் வலிமையைத் தருகிறது. துணி வடிவத்தைத் தருகிறது. இழுத்துக் கட்டிய கயிறு இரண்டையும் ஒன்றாக்குகிறது. தெமுவாசேலும் இவ்வாறே அமைந்தது.

அதன் உடல் மூன்று நீண்ட மூங்கில்கள். குறுக்குச் சட்டங்கள் அவற்றை முக்கோண வடிவில் இணைத்தன. மூங்கில் உள்ளே வெற்றிடமானது. ஆதலால் எடை குறைவு. நார்கள் நீளவாட்டில் ஓடுவதால் வளைந்தாலும் எளிதில் முறியாது. மூங்கில்களை நடுவே உலோகக் குழல்களால் பொருத்தியிருந்தமையால் உடலைக் கழற்றி மகிழுந்தில் ஏற்றிச் செல்ல முடிந்தது. இறக்கைகளுக்கு மெல்லிய விலா எலும்புகளைப்போல வளைந்த சட்டங்கள். அவற்றின்மேல் இழுத்துப் போர்த்திய பட்டு. அச்சட்டங்களின் வளைவில்தான் பறத்தலின் கமுக்கம் உள்ளது. வளைந்த இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்ப, காற்று இறக்கையை மேல்நோக்கி உந்துகிறது. துணி தளர்ந்து தொய்ந்தால் அவ்வளைவு கெடும். வளைவு கெட்டால் ஏற்றம் குறையும். துணி போர்த்திய வானூர்தி கட்டுவோர் இன்றளவும் துணியை இறுக்குவதில் பெருங்கவனம் செலுத்துவதற்கு இதுவே காரணம். கட்டுக் கயிறுகளுக்கு மாற்றாகப் பியானோ இசைக்கருவியின் எஃகுக் கம்பிகள் இறக்கைகளை நாற்புறமும் இழுத்துப் பிடித்தன. சக்கரங்கள் மிதிவண்டியின் சக்கரங்களைப் போன்றவை.

ஓட்டுபவருக்கெனத் தனி அறை கிடையாது. இறக்கைக்குக் கீழே, இரு சக்கரங்களுக்கு நடுவே, இழுத்துக் கட்டிய துணியே இருக்கை. தலைக்கு மேலே பொறி. வாலில் கிடைத்தளமும் நிலைத்தளமும் சிலுவை வடிவில் இணைந்து எத்திசையிலும் திரும்பும். இறக்கையின் முனைகளை முறுக்கும் கம்பிகள் ஓட்டுபவரின் மேற்சட்டையின் முதுகுப்புறத்தில் பொருத்திய குழலோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஊர்தி இடப்புறம் சாய்ந்தால் அவர் வலப்புறம் சாய்வார். இறக்கைகள் முறுக்கிக்கொண்டு நிலை மீளும். ஊர்தியை அவர் ஓட்டினார் என்பதைவிட அணிந்துகொண்டார் என்பதே பொருந்தும்.

இறக்கையின் முழு நீளம் 5 மீட்டரைச் சற்றே கடந்தது. ஆள் இல்லாதபோது எடை ஏறத்தாழ 110 கிலோகிராம். அதாவது இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்தலாம். வேகமோ மணிக்கு 90 கிலோமீட்டர் வரை சென்றது. 1909 செப்டம்பரில் அவர் இதில் ஏறி அயலூரிலிருந்த நண்பரைப் பார்க்கச் சென்றார். வானூர்தி வேடிக்கைப்பொருள் என்னும் நிலையிலிருந்து ஊர்தி என்னும் நிலைக்கு வந்தது இத்தகைய சிறு பயணங்களால்தான்.

இனி அவர் செய்தது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் ரைட் உடன்பிறந்தோர் தம் காப்புரிமையைக் காக்க வழக்குமன்றம் ஏறிக்கொண்டிருந்தனர். தம் உழைப்பின் பயனைத் தாமே அடைய வேண்டும் என்று அவர்கள் கருதியதில் தவறில்லை. அவர்கள் மிதிவண்டிக் கடை நடத்திய வருவாயில் ஆய்வு செய்தவர்கள். தந்தையின் செல்வம் கையிலிருந்த சாண்டோஸ் டூமாண்டுக்கு அக்கவலை இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆனால் செல்வம் இருந்தோர் எல்லாரும் அவர் செய்ததைச் செய்துவிடவில்லை. தெமுவாசேலுக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. எவரும் கட்டிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் என்னும் மாத இதழ் 1910ஆம் ஆண்டு ஜூனில் அதன் வரைபடங்களை அளவுகளோடு வெளியிட்டது. மூங்கிலும் பட்டும் கம்பியும் ஒரு பொறியும் தேடிக்கொள்ளக்கூடிய எவரும் தம் கொட்டகையில் வானூர்தி கட்டலாம் என்னும் நிலை அன்று தோன்றியது. கிளமெண்ட்-பயார்டு என்னும் மகிழுந்து நிறுவனமும் அவ்வூர்தியைச் செய்து விற்றது.

கட்டியவர் அனைவரும் பறந்துவிடவில்லை. ஊர்தி மிகச் சிறியது. பருத்த உடலினரைத் தாங்காது. ஒல்லியான சாண்டோஸ் டூமாண்டின் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அது அமைந்திருந்தது. ஆனாலும் இளைஞர் பலர் அதில் பறக்கக் கற்றனர். அவர்களுள் ஒருவர் ரோலண்ட் காரோஸ். 1913இல் மத்தியதரைக் கடலை வானில் கடந்த முதல் வீரர் அவர். அவருடைய பெயர் மீண்டும் இப்பாடத்தில் வரும்.

சென்னையில் எழுந்த சிறகு

வீட்டிலும் பட்டறையிலும் வானூர்தி கட்டும் வேட்கை அன்று உலகெங்கும் பரவியது. தமிழ்நாடும் அதற்கு விலக்கன்று. சென்னை மவுண்ட் சாலையில் புகழ்பெற்ற தங்கும் விடுதி நடத்திவந்தவர் கியாகோமோ டி ஏஞ்சலிஸ். இனிப்புப் பண்டங்கள் செய்வதில் பெயர் பெற்றவர். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் கடந்த செய்தி அவரைத் தூண்டியது. தாமே ஒரு வானூர்தியை வடிவமைத்தார். சாரட்டு வண்டிகள் கட்டுவதில் தேர்ந்த சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் அது உருப்பெற்றது. மரத்தை வளைத்துத் துணியும் தோலும் போர்த்தி வண்டி செய்யப் பழகிய கைகளுக்கு வானூர்திச் சட்டகம் முற்றிலும் அயலான வேலையாக இருந்திராது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தபின், 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குப் பறந்து காட்டினார். இந்திய வானில் எழுந்த முதல் வானூர்தி அதுவே என்பர். அலகாபாத்திலிருந்து நைனிக்குத் தபால் சுமந்து சென்ற ஹென்றி பெக்கேயின் பறப்பு 1911 பிப்ரவரி 18 அன்று நிகழ்ந்தது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே சென்னையில் சிறகு எழுந்துவிட்டது.

டி ஏஞ்சலிஸ் தெமுவாசேலைப் படியெடுக்கவில்லை. ஊர்தி அவருடைய சொந்த வடிவமைப்பு. பண்டம் செய்யும் விடுதிக்காரர் ஒருவர் வானூர்தி கட்டத் துணிந்தார் என்பதே அக்காலத்தின் மனநிலையைக் காட்டப் போதுமானது.

இருண்ட வானம்

1910ஆம் ஆண்டில், முப்பத்தாறு வயதில், சாண்டோஸ் டூமாண்ட் பறப்பதை நிறுத்தினார். நரம்பு நோய் அவரைப் பற்றியிருந்தது. நகரத்தை விட்டு விலகிக் கடற்கரை ஊரொன்றில் தங்கி, தொலைநோக்கியால் விண்மீன்களைப் பார்த்துப் பொழுதைக் கழித்தார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. கடலை நோக்கித் தொலைநோக்கி வைத்திருந்த அயல்நாட்டவரைப் பகைநாட்டின் ஒற்றர் என அக்கம்பக்கத்தார் ஐயுற்றனர். காவலர்கள் வந்து வீட்டைச் சோதித்தனர். பின்னர் உண்மை தெரிந்து வருத்தம் தெரிவித்தனர். அதற்குள் மனம் நொந்த அவர் தம் குறிப்புகளையும் வரைபடங்களையும் தீயிலிட்டுவிட்டார். உலகிற்கெல்லாம் வரைபடம் கொடுத்தவர் தம் எஞ்சிய தாள்களைத் தாமே எரித்தார். வானூர்தி வரலாறு எழுதுவோர்க்கு அது ஈடுசெய்ய இயலாத இழப்பு.

அதனினும் பெரிய துயரம் வானிலிருந்து வந்தது. 1915 ஏப்ரலில் ரோலண்ட் காரோஸ், சுழலும் விசிறியின் ஊடே முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியைத் தம் வானூர்தியில் பொருத்திப் பகைவர் வானூர்திகளை வீழ்த்தினார். தெமுவாசேலில் பறக்கக் கற்ற அதே இளைஞர்தான். வானூர்தியைப் போர்க்கருவியாக்கியவர்களுள் முன்வரிசையில் அவர் பெயர் நிற்கிறது. போரின் தொடக்கத்தில் சாண்டோஸ் டூமாண்டே வானூர்தி நாட்டின் காவலுக்குப் பயன்படும் என்று பேசியதுண்டு. குண்டு வீச்சுகளின் செய்திகள் குவியக் குவிய அவர் கருத்து மாறியது. 1926ஆம் ஆண்டில் நாடுகளின் கழகத்திற்கு மடல் எழுதி, வானூர்தியைப் போர்க்கருவியாகப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளால் எதுவும் நடக்கவில்லை.

பிரேசிலின் பெத்ரோபொலிஸ் மலைநகரில் 1918இல் அவர் கட்டிய சிறு வீடு இன்றும் உள்ளது. அதன் படிகள் ஒவ்வொன்றும் பாதி வெட்டப்பட்டவை. வலக்காலை எடுத்துவைத்தே ஏறத் தொடங்க முடியும். அறிவியல் மனம் கொண்டவர்க்கும் இத்தகைய நம்பிக்கைகள் இருந்தன. வீட்டில் சமையலறை இல்லை. குளிப்பதற்கு வெந்நீர் தரும் கருவியைத் தாமே செய்து பொருத்தியிருந்தார்.

1928 டிசம்பர் 3 அன்று ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தை அவர் நெருங்கினார். அவரை வரவேற்க அவர் பெயரையே தாங்கிய கடல் வானூர்தி ஒன்று அறிஞர்களை ஏற்றிக்கொண்டு கப்பலின்மேல் வட்டமிட்டது. அவர் கண் முன்னே அது கடலில் வீழ்ந்தது. உள்ளிருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. வரவேற்பு விழாக்களை நிறுத்திவிட்டு இறுதிச் சடங்குகளில் கலந்துகொண்டார். அதன்பின் அவருடைய மனச்சோர்வு மிகுந்தது.

1932இல் பிரேசிலில் உள்நாட்டுப் போர் மூண்டது. கடற்கரை நகரான குவாருஜாவில் ஓய்வில் இருந்த அவர், தம் நாட்டினர் மீதே தம் நாட்டு வானூர்திகள் குண்டு வீசும் காலத்தையும் காண நேர்ந்தது. நெடுநாள் நோயும் மனத்துயரும் முற்றிய நிலையில் ஜூலை 23 அன்று தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயது நிறைந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. ரியோ நகரின் வானூர்தி நிலையமும் அவர் பிறந்த பகுதியின் நகரும் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளன.

தெமுவாசேலின் வரைபடங்கள் மறையவில்லை. 1960களில் பழங்கால வானூர்திகளைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் ஒன்றிற்காக இங்கிலாந்தில் அதைப்போலவே மீண்டும் ஒன்றைக் கட்டினர். சட்டகமும் துணியும் பொறியும் சரியாகவே இருந்தன. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது ஊர்தி எழ மறுத்தது. ஓட்டியவரின் எடையே தடை என்பது பின்னர்தான் விளங்கிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வானூர்திகளைத் தளம்விட்டுத் தளம் கொண்டுசேர்க்கும் பணியாற்றிய ஜோன் ஹியூஸ் என்னும் பெண் விமானியை அழைத்தனர். உயரம் குறைந்த, மெலிந்த உடலினர் அவர். அவர் ஏறி அமர்ந்து பொறியை முடுக்கியதும் மூங்கில் தட்டான் புல்வெளியில் சிறிது தொலைவு ஓடி மேலெழுந்தது.